மூன்று கால் லீடும் ஒற்றைத் துளைப் பெட்டியும்

இதயக் கருவிகளை இந்தியாவில் விற்கும் நிறுவனங்களின் பொறுப்பாளர்களுக்கும், அந்தக் கருவிகளுக்குத் தரம் வகுக்கும் குழுக்களில் இருப்பவர்களுக்கும்,

உங்களில் ஒரு நிறுவனத்திடமிருந்து போன மாதம் எனக்குப் பதில் வந்தது. என் மனைவியின் இதயக் கருவியை மாற்றும்போது பொருந்தாத பெட்டி வந்ததைப் பற்றி நான் நாலு பக்கம் எழுதியிருந்தேன்; வந்தது ஆறு வரி. அதில் இரண்டு விஷயம் இருந்தது. கருவியின் பெட்டியும், அதிலிருந்து இதயத்துக்குள் போகும் கம்பியான லீடும் பொருந்துமா என்று பார்ப்பது மருத்துவமனையின் பொறுப்பு என்பது ஒன்று. என் மனைவியின் உடம்பில் இருக்கும் வகை லீடுக்கான கருவிகளைப் படிப்படியாகக் குறைத்துவருகிறோம், அடுத்த முறை பெட்டி மாற்றும்போது லீடையும் மாற்றிக்கொள்வது பற்றி மருத்துவரிடம் பேசுங்கள் என்பது இன்னொன்று.

முதலாவதைப் பற்றி வாதாடலாம். இரண்டாவதைப் படித்த பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. அதனால்தான் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன். அந்த நிறுவனத்தின் பெயரோ மருத்துவமனையின் பெயரோ இதில் வராது. அதே ஆறு வரியை நாளைக்கு உங்களில் வேறொருவர் வேறு யாருக்காவது அனுப்பலாம்.

நான் டாக்டர் இல்லை. தொலைபேசித் துறையில் 31 வருஷம் கேபிள் ஜாயின்டராக வேலை பார்த்தவன். பாளையங்கோட்டைத் தெருக்களில் பள்ளம் தோண்டி, மேலே தார்ப்பாய் கட்டி, உள்ளே உட்கார்ந்து நூறு ஜோடி, இருநூறு ஜோடி கேபிள்களைக் கம்பி கம்பியாகச் சேர்த்தவன். ஐப்பசி மழை பிடித்தால் புகார்ப் புத்தகம் நிரம்பிவிடும். தேடிப் போனால் கேபிள் நன்றாகத்தான் இருக்கும். ஜாயின்டில் தண்ணீர் ஏறியிருக்கும். அந்தப் பழக்கத்தில்தான், 2009-இல் என் மனைவிக்கு வைக்கப்போகும் கருவியைப் பற்றி டாக்டர் படம் போட்டு விளக்கியபோது நான் கேட்ட முதல் கேள்வி, "சார், இந்தக் கம்பி பெட்டியில எப்படிச் சேருது?" அவர் சிரித்தார். "அதையெல்லாம் கம்பெனிக்காரங்க பார்த்துக்குவாங்க" என்றார்.

அப்போது அவளுக்கு 47 வயது. இதயத் தசை தடித்துப்போகும் வியாதி. இரண்டு முறை மயங்கி விழுந்தாள். இரண்டாவது முறை ரேஷன் கடை வரிசையில். ஐசிடி வைத்தார்கள். பார்வைக்கு பேஸ்மேக்கர் மாதிரிதான். இதயம் தறிகெட்டு ஓடினால் உள்ளிருந்தே ஷாக் கொடுத்து அதை வழிக்குக் கொண்டுவரும். இடது தோளுக்குக் கீழே தோலுக்கடியில் பெட்டி, அதிலிருந்து ரத்தக்குழாய் வழியாக இதயத்துக்குள் இறங்கும் லீட். பெட்டிக்குள் இருக்கும் பேட்டரி ஏழெட்டு வருஷத்தில் தீரும். தீர்ந்தால் பேட்டரியை மட்டும் கழற்ற முடியாது, பெட்டியையே மாற்ற வேண்டும். லீட் அப்படியே இருக்கும். உடம்புக்குள் முதன்முதலில் பேஸ்மேக்கர் வைத்துக்கொண்ட ஸ்வீடன்காரர் ஆர்னே லார்சனுக்கு அதை வைத்தது 1958-இல். 2001-இல் அவர் இறப்பதற்குள் இருபதுக்கும் மேற்பட்ட பெட்டிகள் மாறிவிட்டன. பெட்டி வரும், போகும். லீடும் ஆளும் இருப்பார்கள். பழைய லீடும் புதுப் பெட்டியும் சந்திக்கும் அந்த விரற்கடை இடத்தைப் பற்றித்தான் இந்த மடல்.

என் மனைவியிடமிருந்து எடுத்த பழைய பெட்டி ஒன்று, ஷாக் கொடுக்கும் வேலையை அணைத்த பிறகு, ஜிப் கவரில் போட்டு எங்களிடம் தரப்பட்டது. இதை எழுதும்போது மேசைமேல்தான் இருக்கிறது. பாதி கரைந்த சோப்புக் கட்டி அளவு. உடம்பு டைட்டானியம். தலைப்பக்கம் மட்டும் கண்ணாடி போல உள்ளே தெரியும் பிளாஸ்டிக், ஹெடர் என்கிறார்கள். அதில் மூன்று துளைகள். ஒவ்வொரு துளையின் உள்ளேயும் கடுகளவு ஸ்க்ரூ. ஸ்க்ரூவின் மேல் சிலிக்கான் மூடி, அதன் நடுவில் கண்ணுக்குத் தெரியாத கீறல். அந்தக் கீறல் வழியாகத்தான் ரெஞ்ச் நுழையும். சரியான இறுக்கம் வந்ததும் "க்ளிக்" என்று சொல்லி நழுவிவிடும் ரெஞ்ச். இதயக் கருவிகள் வைக்கும் கேத் லேபில் வேலை பார்க்கும் ஒரு தம்பி இதையெல்லாம் எனக்கு விளக்கினார். லீடின் முனையிலுள்ள உலோகப் பின்னை உள்ளே தள்ளும்போதே ரெஞ்சைக் கீறலில் செருகி வைக்க வேண்டுமாம். உள்ளே சிக்கிய காற்று வெளியேற வழி வேண்டும், இல்லாவிட்டால் அது பின்னைப் பின்னுக்குத் தள்ளும். பின் நுனி ஸ்க்ரூவைத் தாண்டி எட்டிப் பார்க்கிறதா என்று ஹெடரின் பக்கவாட்டில் கண் வைத்துப் பார்க்க வேண்டும். இறுக்கிய பிறகு லேசாக இழுத்துப் பார்க்க வேண்டும். கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. முதல் நாள் வேலையில் எங்கள் மேஸ்திரி எனக்குச் சொல்லிக்கொடுத்ததும் இதுதான்: சேர்த்தியா, இழுத்துப் பாரு.

ஆனால் எங்கள் ஜாயின்டுக்கும் இதற்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. எங்கள் லைனில் 48 வோல்ட், மணி அடிக்கும்போது 75 வோல்ட் பக்கம். இந்தச் சின்ன ஹெடரில் சில மில்லிவோல்ட் அளவேயான இதயத்தின் சத்தமும் தெளிவாகக் கேட்க வேண்டும், தேவைப்பட்டால் அதன் வழியாகவே 700, 800 வோல்ட் ஷாக்கும் போக வேண்டும். சுற்றிலும் உப்புத் தண்ணீர் மாதிரி உடம்பின் நீர். ஸ்க்ரூ கொஞ்சம் தளர்ந்தாலும் சத்தத்தில் இரைச்சல் கலக்கும். கருவி அதை இதயத்தின் தறிகெட்ட ஓட்டம் என்று நினைத்து, ஒன்றுமில்லாத நேரத்தில் ஷாக் அடிக்கும். ஈரம் ஏறுவதும் கற்பனைப் பயம் இல்லை. 2021-இல் அமெரிக்காவில் சுமார் 62,000 பேஸ்மேக்கர்கள் திரும்பப்பெறும் பட்டியலில் வந்ததற்குக் காரணம், ஹெடர் செய்யும்போது எபாக்ஸிப் பசை சரியாகக் கலக்கப்படாமல் ஈரம் உள்ளே போக வழி கிடைத்ததுதான். இப்படி ஒரு ஜாயின்டை வடிவமைத்த உங்கள் பொறியாளர்கள்மேல் எனக்கு மரியாதை உண்டு. மனவருத்தம், அதைப் பற்றி எங்களிடம் ஒன்றுமே சொல்லாமல் இருப்பவர்கள்மேல்.

2016-இல் முதல் மாற்றம் சிக்கலில்லாமல் நடந்தது. 2024-இல் ஒரு காலை, தோசைக்கல்லில் மாவு ஊற்றிக்கொண்டிருந்தவள் கூப்பிட்டாள். "ஏங்க, உள்ள என்னமோ கூவுதுங்க." பக்கத்து வீட்டு செல்போன் என்று நினைத்தோம். மறுநாளும் அதே நேரத்துக்குக் கூவியது. நெஞ்சில் காது வைத்துக் கேட்டேன், அங்கிருந்துதான். பேட்டரி மாற்றும் நேரம் வந்துவிட்டதென்று கருவியே சொல்கிறது.

மருத்துவமனைக்குப் போனோம். நாள் குறித்தார்கள். ரத்தப் பரிசோதனை, நெஞ்சு எக்ஸ்ரே எல்லாம் முந்தின நாளே முடிந்தன. காலை ஒன்பது மணிக்கு உள்ளே கொண்டுபோனார்கள். பெட்டி மாற்றுவதற்கு ஒரு மணி நேரம் என்றார்கள். பத்தரை மணிக்கு டாக்டர் மாஸ்க்கைக்கூடக் கழற்றாமல் வெளியே வந்தார். வந்திருக்கும் பெட்டியில் துளை ஒன்றுதான் இருக்கிறது, அம்மாவின் லீட் முனை மூன்று காலாகப் பிரிந்திருக்கிறது, சேராது என்றார்.

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. "சார், இப்ப அவ நெஞ்சு திறந்தா இருக்கு?" என்று கேட்டேன்.

"ஆமா சார்."

இரண்டு வழி சொன்னார். இன்றைக்கே புது லீட் ஒன்றை ரத்தக்குழாயில் இறக்கி, கையிலுள்ள பெட்டியில் மாட்டுவது. பழைய லீடை உள்ளேயே கைவிடுவது. அல்லது தீர்ந்துகொண்டிருக்கும் பழைய பெட்டியையே திரும்ப மாட்டித் தைத்துவிட்டு, சரியான பெட்டி வரும்வரை காத்திருப்பது. நடைபாதையில், பக்கத்தில் யாரோ காபி பிளாஸ்கைத் திறந்துகொண்டிருக்க, நான் முடிவு சொல்ல வேண்டியிருந்தது. தைத்துவிடுங்கள் என்றேன். சரியான பெட்டி வேறு ஊரிலிருந்து வர ஒன்பது நாள் ஆனது. அந்த ஒன்பது ராத்திரியும் அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடிதான் தூங்கினாள். பத்தாம் நாள் அதே தையலைப் பிரித்து மறுபடி திறந்தார்கள். இரண்டாவது முறைக்குப் பிறகு உள்ளே ரத்தம் கட்டி, முட்டை அளவு வீங்கியது. மூன்று வாரம் மாத்திரை, வாரம் இரண்டு முறை டிரஸ்ஸிங். சீழ் பிடிக்கவில்லை. பிடித்திருந்தால் பெட்டியோடு லீடையும் உருவி எடுத்திருக்க வேண்டும் என்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. தெரியாமல் இருந்ததே நல்லது.

எப்படி நடந்தது இது? ஆத்திரம் அடங்கிய பிறகு எல்லோரிடமும் போய்க் கேட்டேன். யாரும் அலட்சியமான ஆள் இல்லை. டாக்டர் உண்மையை மறைக்கவில்லை. கம்பெனியின் களப் பிரதிநிதி இளைஞர். என்னைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டார். மருத்துவமனை அனுப்பிய காகிதத்தில் "ஐசிடி, ஒற்றை அறை, பேட்டரி மாற்றம்" என்று இருந்திருக்கிறது. ஒற்றை அறை என்றால் இதயத்தின் ஓர் அறைக்கு மட்டும் லீட் போகும் வகை. அந்த வகைக்கு இரண்டு மாடல். ஒன்றுக்கு மூன்று துளை, இன்னொன்றுக்கு ஒன்று. நீளமான மாடல் எண்ணில் கடைசி இலக்கம் மட்டும்தான் வேறு. இப்போது அதிகம் போவது ஒற்றைத் துளைதான், அது எடுத்துவரப்பட்டது. டிஸ்சார்ஜ் சம்மரியில் "கருவி மாற்றப்பட்டது, நோயாளி நலம்" என்று இருந்தது. இத்தனை வருஷமாக என் மனைவி பர்ஸில் மாத்திரைச் சீட்டோடு வைத்திருக்கும் அடையாள அட்டையில் அவள் பெயர், டாக்டர் பெயர், பெட்டியின் மாடல், சீரியல் எண், வைத்த தேதி எல்லாம் இருக்கின்றன. லீடும் பெட்டியும் சேரும் இடமான கனெக்டர் எந்த வகை என்று ஒரு எழுத்து கிடையாது.

இன்னொன்று. முந்தின நாள் எடுத்த எக்ஸ்ரேயை வாங்கி வீட்டு ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பெட்டியின் தலையில் மூன்று பின்கள் தனித்தனியாக, குச்சி குச்சியாக, பளிச்சென்று தெரிகின்றன. எனக்கே தெரிந்தது. அந்தப் படத்தை நுரையீரலுக்காகப் பார்த்திருக்கிறார்கள். கனெக்டருக்காகப் பார்க்க வேண்டும் என்று யாருடைய பட்டியலிலும் இல்லை.

இனி, உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு பழைய கதையை உங்களுக்கே நினைவூட்ட வேண்டியிருக்கிறது. 1980-களில் ஒவ்வொரு பேஸ்மேக்கர் நிறுவனமும் தனக்குப் பிடித்த அளவில் பின் செய்தது. 5 மில்லிமீட்டர், 6 மில்லிமீட்டர், 3.2 மில்லிமீட்டர், 3.2-லேயே ஒருவருடையது இன்னொருவருக்குச் சேராது. பெட்டி மாற்றும் டாக்டர்கள் அலமாரி நிறைய அடாப்டர்களை வைத்துக்கொண்டு அல்லாடினார்கள். கடைசியில் போட்டிக் கம்பெனிகளாகிய நீங்களே ஒன்றாக உட்கார்ந்து பேசி ஓர் அளவுக்கு வந்தீர்கள். அது 1992-இல் ஐஎஸ்-1 என்ற பன்னாட்டுத் தரமாக ஆனது. ஷாக் கொடுக்கும் லீடுகளுக்கு 1993-இல் டிஎஃப்-1 வந்தது. அதற்குப் பிறகு ஒருவர் லீடில் இன்னொருவர் பெட்டியை மாட்ட முடிந்தது. மருத்துவச் சாதன உலகத்தில் இவ்வளவு நல்ல காரியம் அபூர்வம் என்பது என் எண்ணம். செல்போன் சார்ஜர் செய்தவர்களுக்கு அந்தப் புத்தி வர எவ்வளவு காலம் ஆனது என்று யோசித்துப் பாருங்கள்.

என் மனைவியின் லீட் அந்தத் தலைமுறை. இதயத்தின் சத்தம் கேட்க ஓர் ஐஎஸ்-1 கால், ஷாக்குக்கு இரண்டு டிஎஃப்-1 கால்கள். அவளுக்கு வைத்த அடுத்த வருஷம், 2010-இல், டிஎஃப்4 தரம் வெளியானது. மூன்று காலையும் ஒரே பின்னில் அடக்கி, நாலு தொடர்பையும் வரிசையாக வைத்தீர்கள்.

புதியது நல்ல வேலைதான், மறுக்கவில்லை. மூன்று ஸ்க்ரூவுக்குப் பதில் ஒன்று. இரண்டு ஷாக் கால்களும் ஒரே மாதிரி இருப்பதால் அவசரத்தில் ஒன்றின் துளையில் மற்றதைச் செருகிவிடும் தவறு இதில் நடக்கவே முடியாது. தோலுக்கடியில் சுருட்டி வைக்கும் கம்பியின் பருமனும் குறைந்தது. ஒரு ஜாயின்டராக எனக்கு மிகவும் பிடித்தது, தண்ணீர் தடுக்கும் வளையங்களை லீடிலிருந்து எடுத்துப் பெட்டிக்குள் வைத்தது. பழைய வகையில் அந்த ரப்பர் வளையம் லீடின் மேலேயே இருப்பதால் லீடின் வயசுதான் அதற்கும் வயசு. புதியதில் பெட்டி மாற்றும்போதெல்லாம் வளையமும் புதிது. யோசித்தவர் கைக்குக் காப்பு போடலாம். பதிலுக்கு, பழையதில் இருந்த ஒரு வசதி போயிற்று. மூன்று காலில் சத்தம் கேட்கும் கால் மட்டும் கெட்டால் அதை மட்டும் கழற்றி மூடிவிட்டு, தனியாக ஒரு சாதாரண பேஸ்மேக்கர் லீட் போட்டு அந்தத் துளையில் மாட்டலாம். ஒரே பின்னில் எல்லாம் ஒட்டிக்கொண்டால் அது எளிதில்லை. ஆக, பழைய வகையைக் காயலான் கடைச் சரக்கு மாதிரிப் பேச வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்போது அந்த ஆறு வரிக்கு வருகிறேன். "லீடையும் மாற்றிக்கொள்ளுங்கள்." எழுதியவருக்கு அது ஒரு வாக்கியம். பதினைந்து வருஷமாக உள்ளே இருக்கும் லீட், ரத்தக்குழாய்ச் சுவரோடும் இதயச் சுவரோடும் தழும்புபோல ஒட்டிப்போயிருக்கும். உருவினால் குழாயே கிழியும் ஆபத்து உண்டு. அதற்கென்று தனிக் கருவிகளும், பக்கத்திலேயே நெஞ்சைத் திறக்கத் தயாராக நிற்கும் அறுவைக் குழுவும் வேண்டும். உருவாமல் பழையதை விட்டுவிட்டுப் புதியதை இறக்கினால் ஒரே குழாயில் இரண்டு லீட், குழாய் அடைத்துக்கொள்ளலாம். இது என் பயம் மட்டும் இல்லை. அமெரிக்காவில் கருவி மாற்றியவர்களை ஆறு மாதம் பின்தொடர்ந்து 2010-இல் வெளியிட்ட ரீப்ளேஸ் ஆய்வைப் பாருங்கள். பெட்டி மட்டும் மாற்றியவர்களில் பெரிய சிக்கல் வந்தது 100-க்கு 4 பேருக்கு. மாற்றும்போது லீடும் சேர்த்து வைக்கத் திட்டமிட்டவர்களில் 100-க்கு 15 பேருக்கு. அதாவது, உங்கள் கிடங்கில் ஒரு மாடலைக் குறைத்துக்கொள்வதற்காக என் மனைவியை நாலிலிருந்து பதினைந்துக்குப் போகச் சொல்கிறீர்கள். அவள் லீட் கெடவில்லை. ஒவ்வொரு பரிசோதனையிலும் நன்றாக இருக்கிறது என்றுதான் எழுதித் தருகிறார்கள்.

"அடாப்டர் இருக்கிறதே" என்று ஒருவர் போனில் சொன்னார். ஒரு ஜாயின்டுக்குப் பதில் இரண்டு ஜாயின்ட். தோலுக்கடியில் இன்னும் ஒரு கட்டி. மழைக்காலத்தில் என்னைக் கூப்பிட்டுப் பாருங்கள், இதற்குப் பதில் சொல்கிறேன்.

வேறு நிறுவனத்தின் டிஎஃப்-1 பெட்டியை வாங்கிக்கொள்ளலாமே என்று கேட்கலாம். அளவில் சேரும், அதுதானே அந்தத் தரத்தின் அழகு. ஆனால் ஒருவர் லீடும் இன்னொருவர் பெட்டியும் சேர்ந்தால் எம்ஆர்ஐ எடுக்கலாம் என்ற உத்தரவாதம் போய்விடும். தங்கள் லீடோடு தங்கள் பெட்டியைத்தான் சோதித்தோம் என்பீர்கள். 1992-இல் கனெக்டரில் திறந்துவிட்ட கதவை இப்படி வேறு வழியில் சாத்திவிட்டீர்கள். முதுகு வலிக்கு எம்ஆர்ஐ எழுதிக்கொடுத்தால் அவளைப்போல எத்தனை பேர் அந்தச் சீட்டை மடித்து அலமாரியில் வைத்துவிடுகிறார்களோ.

பொருத்தம் பார்ப்பது மருத்துவமனையின் பொறுப்பு என்கிறீர்கள். சரி, இருக்கட்டும். ஆனால் கனெக்டரை வகுத்தது நீங்கள். அட்டையை அச்சடிப்பது நீங்கள். மாடல் எண்ணை வைப்பது நீங்கள். அறுவை அறைக்குப் பெட்டியோடு வந்து நிற்பதும் உங்கள் ஆள். ஐரோப்பாவில் 2017-இல் வந்த மருத்துவச் சாதனச் சட்டம், உடம்பில் வைக்கும் கருவிக்கு அட்டை கொடுத்தே ஆக வேண்டும் என்கிறது. கருவியின் பெயர், மாடல், சீரியல் எண், தயாரிப்பாளர் முகவரி எல்லாம் அதில் இருக்க வேண்டும். கனெக்டரின் பெயர் அந்தப் பட்டியலில் கிடையாது. சட்டம் கேட்கவில்லை என்பதற்காக நீங்கள் எழுதக் கூடாது என்று யாரும் தடுக்கவில்லையே. குழாய்க் கடைக்குப் போனால்கூட அரை இஞ்சா முக்கால் இஞ்சா என்று கேட்டுவிட்டுத்தான் எடுத்துக்கொடுப்பார்கள்.

என் கோரிக்கைகளைத் தெளிவாகவே எழுதிவிடுகிறேன்.

அட்டையில் கனெக்டர் வகையை எழுதுங்கள். சீரியல் எண்ணைவிடப் பெரிய எழுத்தில், எத்தனை துளை என்று சின்னப் படத்தோடு, ஆங்கிலத்திலும் அந்தந்த ஊர் மொழியிலும். இனி வைப்பவர்களுக்கு மட்டும் என்று சொல்லித் தப்பிக்க வேண்டாம். ஏற்கெனவே வைத்துக்கொண்டவர்களின் பதிவு உங்களிடம் இருக்கிறது. அவர்களுக்கும் புது அட்டை அனுப்புங்கள். லீடின் மாடலும், அது வைத்த வருஷமும் அதே அட்டையில் வரட்டும்.

பெட்டியின் அட்டைப்பெட்டியை மாற்றுங்கள். மூன்று துளைக்கும் ஒற்றைத் துளைக்கும் கடைசி இலக்கத்தில் வித்தியாசம் வைக்காமல், பத்தடி தூரத்தில் தெரியும்படி நிறத்தில் வையுங்கள். உங்கள் பிரதிநிதி அறுவை அறைக்குள் நுழையும் முன், நோயாளியின் எக்ஸ்ரேயையும் கையிலுள்ள பெட்டியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, சேரும் என்று கையெழுத்துப் போடட்டும். டாக்டரும் போடட்டும். கத்தி வைப்பதற்கு முன்னால்.

பழைய வகை லீட் உயிரோடு இருக்கும் ஓர் ஆளுக்குள் வேலை செய்யும்வரை, அதற்கான பெட்டியைச் செய்யுங்கள். லாபம் குறைவு என்று தெரியும். லீடை விற்ற அன்றே அந்தப் பொறுப்பையும் சேர்த்துத்தான் வாங்கிக்கொண்டீர்கள். எந்த மாடலையாவது நிறுத்தத்தான் வேண்டுமென்றால் பத்து வருஷம் முன்னதாக, நோயாளிகளுக்கும் தெரியும்படி, வெளிப்படையாகச் சொல்லுங்கள். அதுவரை ஒவ்வொரு மாநிலத்திலும் ஒரு பெட்டியாவது கையிருப்பில் இருக்கட்டும். ஒன்பது நாள் ஆகக் கூடாது, ஒரு நாளில் வர வேண்டும். பழைய லீடோடு புதுப் பெட்டியையும், அடுத்தவர் லீடோடு உங்கள் பெட்டியையும் எம்ஆர்ஐக்குச் சோதித்து, முடிவு எதுவானாலும் வெளியிடுங்கள்.

தரம் வகுக்கும் குழுக்களில் இருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. டிஎஃப்4-க்குப் பிறகும் ஒரு புதிய கனெக்டர் வரத்தான் போகிறது. அந்தத் தரத்தை எழுதும் நாளிலேயே, பழைய லீட் உள்ளவர்களுக்கு எத்தனை வருஷம் எப்படிப் பெட்டி கிடைக்கும் என்பதையும் அதே ஆவணத்தில் எழுதுங்கள். அட்டையில் கனெக்டரின் பெயர் வருவதையும் தரத்தின் பகுதியாக்குங்கள். அந்த மேசையில் லீடை உடம்பில் சுமப்பவர் ஒருவருக்கும் நாற்காலி போடுங்கள்.

என் மனைவியின் இப்போதைய பெட்டி 2032 வாக்கில் மறுபடி கூவும் என்கிறார்கள். அன்றைக்கு அவளுக்கு 70 வயது இருக்கும். டிஎஃப்-1 துளையுள்ள பெட்டியை அந்த வருஷம் நீங்கள் விற்பீர்களா, மாட்டீர்களா? இதை விற்கும் ஒவ்வொரு நிறுவனமும் இந்த ஒரு கேள்விக்காவது தை பிறப்பதற்குள் எழுத்தில், வெளிப்படையாகப் பதில் சொல்ல வேண்டும். ஆறு வரி போதும்.

ஓய்வுபெற்ற கேபிள் ஜாயின்டர் ஒருவர்,
பாளையங்கோட்டை